சான்று சொல்வோர் யார்?

கதையொன்றைப் படிக்கும்போது அதன் ஆசிரியர் யார் என்று கேட்கிறோம். பத்திரிகைத் தலையங்கத்தைப் படிக்கும்போது அப்பத்திரிகை யாருக்குச் சொந்தமானது என்று கேட்கிறோம். ஆனால் கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படிக்கும்போது இவ்விரு வினாக்களையும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அங்கே ஆண்டும் நாளும் பெயரும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. நான் என்றோ நாம் என்றோ ஒருவர் முன்வந்து பேசுவதில்லை. அறிவே தானாக வாய் திறந்து பேசுவது போன்றதொரு மயக்கம் உண்டாகிறது. இம்மயக்கத்தைக் கலைப்பது விமரிசனத்தின் கடமைகளுள் ஒன்று என்பது நமது துணிபு.

இவ்வெண்ணம் நமக்கு வகுப்பறையிலே தோன்றியது. உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு உரிய முறையில் கட்டுரை எழுதுமாறு பணித்திருந்தோம். எழுதியதற்கு ஆதாரம் எது என்பதையும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே குறிக்க வேண்டும் என்றோம். மாணவர் உழைத்தே எழுதியிருந்தனர். மொழிநடையிலும் பெரிய குறையில்லை. அன்று மாலை களுபோவிலயிலுள்ள நம் வீட்டில் அக்கட்டுரைகளைத் திருத்தும்போது ஆதாரக் குறிப்புகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தோம். மிகப் பெரும்பாலானவை கூட்டுத்தாபனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவை. எஞ்சியவற்றுட் பல, அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ள நாளிதழ்கள் அதே செய்தியைத் திரும்பச் சொன்னவை. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்ற பழமொழி அப்போது நினைவுக்கு வந்தது.

மாணவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்குக் கிடைத்தவற்றையே அவர்கள் எடுத்தாண்டனர். வேறு சான்றுகள் ஏன் எளிதிற் கிடைக்கவில்லை என்பதே ஆராயத்தக்கது.

தமிழில் இத்துறையின் வரலாறு சிறிதன்று. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதான கோச'த்தை 1902-இல் வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வந்தது. பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது. இவற்றைத் தந்தோரின் கல்வியின் மீதும் நேர்மையின் மீதும் வாசகர் வைத்த நம்பிக்கையே அந்நூல்களுக்கு அதிகாரத்தை அளித்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிலை வேறு. அங்கே எவரும் எழுதலாம். எழுதியவரின் பட்டமோ பதவியோ கணக்கில் கொள்ளப்படுவதில்லை. எழுதியவரிடத்து வைக்க இயலாத நம்பிக்கையைச் சான்றின் மீது வைக்கவேண்டியதாகிறது. அச்சான்று வெளியிடப்பட்டதாயும் நம்பத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையாயின், அந்நிறுவனத்தைச் சாராதோர் அதனைப் பற்றி விரிவாக எழுதியிருத்தல் வேண்டும். இதுவே அதன் விதி.

இவ்விதி மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையென்று எண்ண வேண்டியதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊரூராக ஏடு தேடியலைந்தபோது செய்தது என்ன? ஒரே ஏட்டிலிருந்து படியெடுத்த பத்துப் பிரதிகள் பத்துச் சான்றுகள் ஆகா என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வெவ்வேறு வழியில் வந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தனர். 1887-இல் அவர்களிருவரும் முறையே கலித்தொகையையும் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்தபோது கைக்கொண்ட அந்த நெறியை, இன்று ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வரலாற்றை எழுதும்போது நாம் கைவிடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

இனி நமது நாட்டின் தொலைக்காட்சிக்கு வருவோம். முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பெயர். இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் 1979 ஏப்ரல் 13 அன்று, களுபோவிலக்கு அதிக தொலைவில் அல்லாத பன்னிப்பிட்டியிலிருந்து, தனியார் சிலரின் முயற்சியாக ஒளிபரப்பைத் தொடங்கியது. சுயாதீனத் தொலைக்காட்சி என்பது அதன் பெயர். இரண்டு மாதங்கள் நிறைவுறுவதற்குள், அதே ஆண்டு ஜூன் 5 அன்று, அரசாங்கம் அதனைத் தன்வசப்படுத்தியது. 1992-இல் அது அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பனியாக்கப்பட்டது. ஆனால் பெயர் மாறவில்லை. எட்டு வாரங்களும் நிறையாத தனியார் வாழ்வின் அடையாளமான 'சுயாதீனம்' என்ற சொல், நாற்பது ஆண்டுகளுக்கு மேலான அரசுடைமைக் காலம் முழுவதும் அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் பெயரையே சான்றாகக் கொண்டு எழுதுபவன் முதல் வரியிலேயே வழுக்கி விழுவான். பெயரைச் சொல்வதோடு, அப்பெயர் எப்போது உண்மையாயிருந்தது, எப்போது உண்மையல்லாததாயிற்று என்பதையும் சொல்லும் கட்டுரையே கலைக்களஞ்சியக் கட்டுரை எனத் தகும்.

இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் பிறப்பு இதனினும் தெளிவானது. 1982-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்கச் சட்டத்தால் அது அமைக்கப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. நிலையத்தை எழுப்ப ஜப்பானிய அரசாங்கம் உதவியது. பொதுமக்களின் நலன் கருதி நிகழ்ச்சிகளின் தரத்தை உயர்வாகப் பேணுதல் அதன் பணிகளுள் ஒன்றெனச் சட்டம் கூறுகிறது. இச்சட்டம் சிறந்த சான்றே. எனினும், எதற்குச் சான்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு நிறுவனம் எதற்காக அமைக்கப்பட்டது, அதன் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் யார் என்பவற்றுக்குச் சட்டம் சான்றாகும். நிறுவனம் அப்பணியைச் செய்ததா என்பதற்கு அது சான்றாகாது. திருமணப் பதிவுப் புத்தகம் திருமணம் நடந்ததற்குச் சான்று. தம்பதிகள் இன்புற்று வாழ்ந்ததற்குச் சான்றன்று. மாணவர் கட்டுரைகளிற் பல இவ்வேறுபாட்டை மறந்திருந்தன. சட்டத்தில் நோக்கமாக எழுதப்பட்டது கட்டுரையில் சாதனையாக உருமாறியிருந்தது.

அவ்வாறாயின் பத்திரிகைகளை நாடலாமே என்பர் சிலர். நாடத்தான் வேண்டும், ஆயினும் எந்தப் பத்திரிகைகளை? 'தினகரன்' உள்ளிட்ட ஏடுகளை வெளியிடும் லேக்ஹவுஸ் நிறுவனம் 1973-ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்தது. அரச தொலைக்காட்சியை அரச நாளிதழ் புகழுமாயின், இரண்டு அச்செழுத்துகள் இருக்கின்றனவேயன்றி இரண்டு சான்றுகள் இல்லை. 1930-இல் தோன்றிய 'வீரகேசரி' போன்ற தனியார் ஏடுகள் இவ்வகையில் நமக்குப் பயன்படும். ஆனால் தனியாருடைமை என்பதனாலேயே ஒருவர் நடுநிலையாளர் ஆகிவிடுவதில்லை. 1990-களில் தனியார் தொலைக்காட்சிகள் தோன்றின. 1998-இல் சக்தி தொலைக்காட்சி தமிழில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, வர்த்தகக் குழுமம் ஒன்றே அதற்குப் பின்னால் இருந்தது. 2009-இல் வந்த வசந்தம் தொலைக்காட்சியோ மேலே கூறிய சுயாதீனத் தொலைக்காட்சியின் கிளை. அரசியல் இலாபமோ வர்த்தக இலாபமோ எதுவாயினும், சான்று சொல்வோனுக்கு வழக்கில் பங்கு உண்டா என்று கேட்டே அவன் சொல்லை எடைபோடுதல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கை இல்லாவிடின் நேர்வது என்ன என்பதற்கு வானொலியின் வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று தன் சேவையைத் தொடங்கியது. அது ஆசியாவிலேயே முதலாவது வானொலி என்ற கூற்றை மேடைகளிலும் மலர்களிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது; ஜப்பானில் வானொலிச் சேவை 1925 மார்ச்சில் ஆரம்பமாயிற்று. கழகம் நடத்தியதைச் சேவையெனக் கொள்ளலாமா, பரிசோதனை ஒலிபரப்பு எங்கே முடிந்து முறையான ஒலிபரப்பு எங்கே தொடங்குகிறது என்று வாதாட இடமுண்டு. எனினும் 'முதலாவது' என்று கூறுவோர் இவ்வாதத்தை நடத்தியபின் கூறுவதில்லை. ஒருவர் கூறியதை மற்றவர் கூறி, அம்மற்றவரையே முதல்வருக்குச் சான்றாக்குகின்றனர். பெருமிதம் பழுதன்று; ஆனால் அது ஆராய்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுதல் பழுது.

இதுவரை கூறியவற்றால், நிறுவனத்தைச் சாராத சான்று வேண்டும் என்ற விதி நியாயமானதே என்பது தெளிவு. ஆனால் இங்கே நிறுத்திக்கொள்வோமாயின் நாம் பாதி உண்மையையே கூறியவராவோம். அவ்விதி ஒரு சமுதாயத்தை முற்கூட்டியே கற்பனை செய்துகொள்கிறது. அச்சமுதாயத்திலே பல்கலைக்கழகங்கள் தொலைக்காட்சியை ஆராய்கின்றன. சுதந்திரமான பத்திரிகைகள் அதனை இடையறாது விமரிசிக்கின்றன. ஆவணக் காப்பகங்கள் பழைய நிகழ்ச்சிகளைப் பேணுகின்றன. அத்தகைய சமுதாயத்தில் சான்று இல்லாதது பெரும்பாலும் குறிப்பிடத்தகாதது என்று கொள்வதில் ஓரளவு பொருளுண்டு. நமது நாட்டிலோ, அதிலும் தமிழ் பேசும் மக்களிடையிலோ, நிலைமை அஃதன்று. இங்கே சான்றின்மை நிகழ்ச்சியின்மைக்கு அடையாளமன்று. எழுதும் வாய்ப்பு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாதிருந்தது என்பதற்கே அது அடையாளம்.

ரூபவாஹினி தொடங்கிப் பதினேழு மாதங்களில் 1983 ஜூலை வந்தது. நம் அயலிலுள்ள வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மக்கள் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். ஜூலை 28 அன்று ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன நாட்டுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஓர் அனுதாப வார்த்தைதானும் அவ்வுரையில் இருக்கவில்லை என்பது வரலாற்றில் பதிந்த செய்தி. நாட்டுக்குப் புதிதாக வாய்த்த அந்தப் பெட்டி அவ்வாரத்தில் எதைக் காட்டியது, எதைக் காட்டாது விட்டது? தமிழ்ச் செய்தியை எழுதியவரும் வாசித்தவரும் அந்நாட்களில் எவ்வாறு பணிக்கு வந்தனர், அன்றேல் வராதிருந்தனர்? நிறுவனத்தின் வரலாற்றில் இவை முதன்மையான வினாக்கள் அல்லவா? ஆயினும் இவற்றுக்கு விடை தேடப் புகும் மாணவனிடம் நாம் எந்த நூலை எடுத்து நீட்டுவோம்?

நிறுவனமே செய்தியாகிவிட்ட நாட்களும் உண்டு. 2007 டிசம்பர் 27 அன்று அமைச்சர் ஒருவர் தம் பரிவாரத்துடன் ரூபவாஹினி நிலையத்துக்குட் புகுந்தார். செய்திப் பணிப்பாளர் தாக்கப்பட்டார். வெகுண்டெழுந்த ஊழியர் அவ்வமைச்சரை வெளியேறவிடாது தடுத்து வைத்தனர். நாடு அக்காட்சியைத் தொலைக்காட்சியிலேயே கண்டது. 2022 ஜூலை 13 அன்று, ஜனாதிபதி நாட்டைவிட்டு நீங்கிய நாளில், போராட்டக்காரர் நிலையத்துட் புகுந்தபோது ஒளிபரப்பு தடைப்பட்டது. முதலாம் நிகழ்ச்சியில் சாதாரண ஊழியரும் இரண்டாம் நிகழ்ச்சியில் தெருவில் நின்ற மக்களும் நிறுவனத்தின் வரலாற்றுக்குள் நடந்து வருகின்றனர். தன் வரலாற்றைத் தானே எழுதும் எந்த நிறுவனமும் கட்டடத் திறப்பு விழாக்களுக்கு அளிக்கும் இடத்தை இத்தகைய நாட்களுக்கு அளிப்பது அரிது. அது மனித இயல்பு. ஆகவேதான் அதன் சொல் மட்டும் போதாது என்கிறோம்.

பிரான்சிலே திதெரோவும் தலம்பேரும் 1751-இல் தம் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை வெளியிட்டபோது ஒரு புதுமை செய்தனர். கைத்தொழில்களைப் பற்றி எழுத ஏட்டறிவு போதாதெனக் கண்டு பட்டறைகளுக்குச் சென்றனர். நெசவாளியையும் கொல்லனையும் கண்ணாடித் தொழிலாளியையும் கேட்டு எழுதினர். அறிவின் மூலம் அரசவையில் மட்டுமன்று, உழைப்பவனின் கையிலும் உண்டு என்று கூறிய செயல் அது. தொலைக்காட்சியும் ஒரு பட்டறையே. அங்கே படப்பிடிப்பாளர், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக்காரர், மொழிபெயர்ப்பாளர், செய்தி வாசிப்போர், சாரதிகள் என எத்தனையோ பேர் உழைத்தனர். தலைவர்களின் பெயர்ப்பட்டியலே நிறுவனத்தின் வரலாறு என்று எண்ணுவது, அரசர் பெயர்ப்பட்டியலே நாட்டின் வரலாறு என்று எண்ணிய பழைய பிழையின் மறுபிறப்பு.

இங்கே ஒரு தடை எழும். தொழிலாளியின் நினைவுரையை நேரே கலைக்களஞ்சியத்தில் எழுதிவிடலாமா? ஆகாது. நினைவு பிழைபடக்கூடியது. வெளியிடப்பட்டு, பிறர் படித்து, மறுக்கவோ உடன்படவோ வாய்ப்புப் பெற்ற பின்னரே அது சான்றென்னும் நிலையை அடைகிறது. உழைப்பாளி சொன்னதனாலேயே எல்லாம் உண்மையாகிவிடும் என்று கூறுவது முற்போக்கு ஆகாது. அது வேறொரு வகைக் குருட்டு நம்பிக்கை. எனவே செய்யவேண்டியது விதியைத் தளர்த்துவதன்று. விதி கேட்கும் சான்றுகளை நாமே ஆக்கித் தருவது.

அதற்கு வழியில்லாமற் போகவில்லை. அரச கூட்டுத்தாபனங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆராய்ந்து பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடுகிறார். ஹன்சாட்டில் விவாதங்கள் உள்ளன. ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றி 1997-இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்மானம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்ற கருத்தை நிலைநாட்டியது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் ஒரு பொது அதிகாரசபையிடம் தகவல் கோரலாம். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு, அவற்றுக்குச் செலவிட்ட பணம் எவ்வளவு, பழைய தமிழ் ஒளிப்பதிவு நாடாக்களில் எஞ்சியவை எவை என்று ஆசிரியர் சங்கமொன்றோ வாசகர் வட்டமொன்றோ எழுதிக் கேட்பதற்குத் தடையில்லை. 1942-இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 2005 முதல் 'நூலகம்' நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிம வடிவிற் பேணி வருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக் கொடுத்த இனத்துக்கு, பேணப்படாத சான்று என்னவாகும் என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

நம் தரப்புக் குறையையும் மறைத்தல் நன்றன்று. முற்போக்கு இலக்கியம் பேசிய நாம் நாவலை விமரிசித்தோம்; நாடகத்தை விமரிசித்தோம்; தென்னிந்தியத் திரைப்படத்தைக் கடிந்துரைத்தோம். தொலைக்காட்சியை மட்டும் அற்பப் பொழுதுபோக்கென்று புறக்கணித்தோம். நாட்டின் பெரும்பாலான வீடுகளில் மாலைப் பொழுதை ஆட்சி செய்த ஒரு சாதனத்தைப் பற்றி நமது சஞ்சிகைகள் எழுதிய பக்கங்கள் சிலவே. சாராத சான்று இல்லை என்று இன்று வருந்துகிறோம். சாராதோராயிருந்த நாம் எழுதியிருந்தால் அதுவே சான்றாகியிருக்கும்.

'இலக்கியச் சஞ்சிகைக்கு இத்துணைச் சிறு விடயம் எதற்கு? ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையின் அடிக்குறிப்புக்காகவா இவ்வளவு ஆரவாரம்?' என்று கேட்பாரும் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இது: நாளைய மாணவன் நமது நாவல்களைப் படிப்பானோ என்பது ஐயம், கலைக்களஞ்சியத்தைப் புரட்டுவான் என்பதில் ஐயமில்லை. அங்கே தன் தாய்மொழியில், தன் மக்களின் அனுபவம் ஒரு வரியேனும் இல்லாத வரலாற்றைக் கண்டால், அப்படியோர் அனுபவமே இருந்ததில்லை என்று அவன் நம்பிவிடுவான். பொய்யால் மட்டும் வரலாறு கெடுவதில்லை; மௌனத்தாலும் கெடும்.

1982-இல் இளைஞராய் அந்நிலையத்துட் காலடி வைத்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். சிலர் கொழும்பிலேயே வாழ்கின்றனர். வேறு சிலரைத் தேட வேண்டுமாயின் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் கடிதம் எழுதவேண்டியிருக்கும். அவர்களை அணுகி, வினவி, விடைகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அச்சில் ஏற்றும் பணி இதுபோன்ற இதழ்களுக்கு உரியது. நம் மாணவர் கட்டுரைகளை அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தபோது நாம் புள்ளி குறைக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும் ஒரே வினாவை எழுதினோம்: இதைச் சொன்னவர் யார், அவருக்கு இதிற் பங்கு உண்டா? அவர்களுள் ஒருத்தி, பங்கில்லாத ஒருவரைத் தான் எங்கே தேடுவது என்று கேட்டாள். அவ்வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்பு அவளுடையதன்று, நம்முடையது.